மேடு ஏறாத வண்டி

கேரளாவில் இடுக்கி மாவட்டத்தில் வட்டவடை என்ற மலை ஊர் இருக்கிறது. மூணாறிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தூரம். மலைச் சரிவு முழுவதும் படிப்படியாக வயல்கள். கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பூண்டு எல்லாம் விளைகிறது. இங்கே விவசாயிகள் பலருக்கும் வீட்டில் பேசும் மொழி தமிழ்தான்.

அங்கே ஒரு கணவன் மனைவி. அவர்களுடைய வயல் கீழே இருக்கிறது. லாரி வந்து நிற்கும் சாலை மேலே இருக்கிறது. நடுவில் மண் பாதை. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் உருட்டுக் கல். மூட்டையைத் தலையில் சுமந்து மேலே கொண்டுவருவது பெரும்பாடு. அதனால் ஒரு பழைய மொபெட் வாங்கினார்கள். கியர் கிடையாது. கிளட்ச் பிடியும் கிடையாது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் போகும். பிரேக்கைப் பிடித்தால் நிற்கும். வீட்டில் இரண்டு பேரும் ஓட்டினார்கள்.

ஆறு மாதம் நன்றாக ஓடியது. பிறகு தொல்லை வந்தது. மூட்டையோடு மேட்டில் பாதி தூரம் வந்ததும் எஞ்சின் கத்தும். வண்டி நகராது. எஞ்சின் பக்கம் அனல் அடிக்கும்.

டவுனில் ஒரு கடையில் காட்டினார்கள். "கிளட்ச் போச்சு" என்றார்கள். புதுக் கிளட்ச் போட்டார்கள். அதோடு எண்ணெயும் மாற்றினார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. மறுபடியும் அதே கத்தல்.

ஒரு நாள் காலை. லாரிக்கு நேரம் ஆகிவிட்டது. கணவர் இரண்டு மூட்டை கேரட்டை ஏற்றிக்கொண்டு வந்தார். செங்குத்தான இடத்தில் வண்டி நின்றது. எஞ்சினும் அணைந்தது. உடனே வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. அவர் பக்கவாட்டில் குதித்துத் தப்பித்தார். வண்டி வரப்பில் மோதி விழுந்தது. கேரட் எல்லாம் சேற்றில். லாரியும் போய்விட்டது.

"போனது கேரட்டோட போகட்டும்" என்றார் மனைவி. மறுநாளே வண்டியை ஜீப்பில் ஏற்றி, மூணாறில் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள்.

கிளட்ச் எப்படித் தானே பிடிக்கிறது?

மெக்கானிக் உடனே வண்டியைப் பிரிக்கவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"தம்பி, மேட்டுல நிக்கும்போது எஞ்சின் கத்துதா, இல்ல திணறி அணையுதா?"

"முதல்ல கத்துது அண்ணே. சக்கரம் சுத்தாது."

"அப்ப எஞ்சின்ல பலம் இருக்கு. அந்தப் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேரல. நடுவுல வழுக்குது."

எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதுதான் கிளட்ச். மோட்டார் சைக்கிளில் அதைக் கையால் பிடித்து விடுகிறோம். மொபெட்டில் அது தானே பிடிக்கும், தானே விடும். எப்படி?

திருவிழாவில் சங்கிலி ராட்டினம் பார்த்திருப்பீர்கள். ராட்டினம் நிற்கும்போது நாற்காலிகள் நேராகத் தொங்கும். ராட்டினம் சுற்றினால் நாற்காலிகள் வெளிப்பக்கம் விரியும். வேகம் கூடக் கூட இன்னும் விரியும். கிளட்சுக்குள் நடப்பதும் இதுதான். எஞ்சினோடு சேர்ந்து சில கட்டைகள் சுற்றுகின்றன. இவற்றைக் கிளட்ச் ஷூ என்பார்கள். இவற்றைச் சுற்றி ஓர் இரும்புக் கிண்ணம் இருக்கிறது. அதை டிரம் என்பார்கள். அந்த டிரம் சுற்றினால்தான் வண்டியின் சக்கரம் சுற்றும்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஸ்பிரிங்குகள் கட்டைகளை உள்ளே இழுத்து வைத்திருக்கும். டிரம்மைத் தொடவிடாது. அதனால் வண்டி நிற்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் கட்டைகள் வேகமாகச் சுற்றும். ஸ்பிரிங்கை மீறி வெளியே விரியும். டிரம்மின் உள்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும். வண்டி கிளம்பும்.

இதில் ஒரு கணக்கு உண்டு. சுற்றும் வேகம் இரண்டு மடங்கு ஆனால், கட்டை வெளியே தள்ளும் பலம் நான்கு மடங்கு ஆகும். வேகம் பாதி ஆனால் பலம் கால் பங்காகக் குறையும். எனவே கட்டை பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் இருக்கும் நிலை ஒன்று உண்டு. வண்டி கிளம்பும்போது சில நொடி அந்த நிலை இருக்கும். அது தவறில்லை. மூட்டையோடு மேட்டில் ஊர்ந்துகொண்டே இருந்தால் அந்த நிலை நீளும். கட்டை டிரம்மில் உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு. சூடு ஏறினால் கட்டையின் மேல் இருக்கும் லைனிங் கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும். பிறகு எப்படிப் பிடிக்கும்?

டப்பாவில் இருந்த எழுத்து

மெக்கானிக் எண்ணெயை வடித்துப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. கருகிய வாசனை அடித்தது. "என்ன எண்ணெய் ஊத்துனாங்க?" என்று கேட்டார்.

கணவருக்குத் தெரியவில்லை. மனைவி பையிலிருந்து காலி டப்பாவை எடுத்தார். பூண்டு விதை போட்டு வைக்க டப்பா உதவும் என்று டவுன் கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார். நல்ல வேளை. வண்டியோடு வந்த கையேட்டையும் கொண்டு வந்திருந்தார். அவர் அறிவொளி வகுப்பில் படித்தவர். ஆங்கில எழுத்து எல்லாம் சரளமாக வராது. ஆனால் எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும்.

"அண்ணே, புத்தகத்துல எண்ணெய்னு போட்ட இடத்துல 'எம்.ஏ.'னு இருக்கு. டப்பாவுல 'எம்.பி.'னு இருக்கே. ரெண்டும் ஒண்ணா?"

மெக்கானிக் டப்பாவை வாங்கிப் பார்த்தார். சிரித்தார். "தங்கச்சி, வியாதியைக் கண்டுபிடிச்சிட்டே" என்றார்.

இரு சக்கர வண்டி எண்ணெய் டப்பாவில் 'ஜாசோ' என்ற ஜப்பான் தர அடையாளம் இருக்கும். அதன் பக்கத்தில் எம்.ஏ. அல்லது எம்.பி. என்று இருக்கும். எம்.ஏ.2 என்றும் இருக்கலாம். எம்.ஏ. வகை எண்ணெய், கிளட்ச் எண்ணெயிலேயே நனைந்து ஓடும் வண்டிகளுக்கானது. அது எஞ்சினைக் காக்கும். கிளட்சை வழுக்க விடாது. எம்.பி. வகை எண்ணெய் அதிக வழுவழுப்பு உள்ளது. ஸ்கூட்டர்களுக்கு அது சரி. ஏனென்றால் கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் பின் சக்கரத்தின் பக்கம் தனியாக, உலர்ந்து இருக்கும். எண்ணெய் அதைத் தொடாது.

இவர்களுடைய மொபெட் நான்கு ஸ்ட்ரோக் வண்டி. அதன் கிளட்ச் எண்ணெயில் நனைந்து ஓடுவது. டவுன் கடையில், "கியர் இல்லாத வண்டிதானே" என்று நினைத்து ஸ்கூட்டர் எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். புதுக் கட்டை போட்டும் வழுக்கியது அதனால்தான். கார் எண்ணெயை ஊற்றினாலும் இப்படி ஆகலாம். அதிலும் வழுவழுப்புக்காக மருந்து சேர்ப்பது உண்டு.

விலை குறைந்த எண்ணெய், விலை கூடிய எண்ணெய் என்பது இங்கே பேச்சு இல்லை. விலை கூடிய எண்ணெயிலும் தவறான எழுத்து இருந்தால் கிளட்ச் வழுக்கும்.

மெக்கானிக் கிளட்ச் மூடியைத் திறந்தார். டிரம்மின் உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. கட்டைகள் பளபளவென்று இருந்தன. டிரம், கட்டை, ஸ்பிரிங் மூன்றையும் மாற்றினார். எம்.ஏ. எண்ணெய் ஊற்றினார். சில கிலோமீட்டர் ஓட்டச் சொன்னார். அந்த எண்ணெயையும் வடித்துவிட்டு மறுபடி புதிது ஊற்றினார். உள்ளே ஒட்டியிருந்த பழைய எண்ணெய் கழுவிப் போக வேண்டும் அல்லவா? வடித்த எண்ணெயை ஓடையில் கொட்டவில்லை. ஒரு கேனில் சேர்த்து வைத்தார்.

திருகை எவ்வளவு திருகுவது?

அடுத்து எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தைப் பார்த்தார். இதை ஸ்லோ ஸ்பீடு என்பார்கள். ஐடிலிங் என்றும் சொல்வார்கள். தானே பிடிக்கும் கிளட்ச் உள்ள வண்டியில் இது மிக முக்கியம். ஸ்லோ ஸ்பீடு கூடினால் ஆக்ஸிலேட்டரைத் திருகாமலே கட்டை விரியும். வண்டி தானாக முன்னால் நகரும். குழந்தைகள் விளையாடும் வாசலில் இது ஆபத்து. ஸ்லோ ஸ்பீடு மிகக் குறைந்தால், மேட்டில் நின்று கிளம்பும் நேரத்தில் எஞ்சின் அணையும். அன்று கேரட் மூட்டையோடு அணைந்ததும் இதனால்தான்.

கார்புரேட்டர் உள்ள வண்டியில் இதைச் சரிசெய்ய ஒரு திருகு இருக்கிறது. அதைச் செய்யும் விதம்:

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் சரிசெய்தால் பிறகு மாறிவிடும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். பின் சக்கரம் தரையைத் தொடக்கூடாது. பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. எஞ்சினை ஓடவிட்டு ஸ்லோ ஸ்பீடு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். எஞ்சின் தடுமாறும் இடம் வரும். அங்கிருந்து சற்றே கூட்ட வேண்டும். எஞ்சின் ஒரே சீராக ஓடினால் போதும்.

இப்போது பின் சக்கரத்தைப் பாருங்கள். எண்ணெயின் பசையால் அது மெதுவாகச் சுற்றலாம். அது தவறல்ல. பின் பிரேக்கை லேசாகப் பிடித்தால் சக்கரம் நிற்க வேண்டும். எஞ்சின் தொடர்ந்து ஓட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் முரண்டு பிடித்தால் ஸ்லோ ஸ்பீடு அதிகம். அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்தோ உடைந்தோ இருக்கும். எக்காரணம் கொண்டும் சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஹேண்டில்பாரை இடது ஓரம் வரை திருப்புங்கள். பிறகு வலது ஓரம் வரை திருப்புங்கள். எஞ்சின் சத்தம் மாறக்கூடாது. மாறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுக்கமாக இருக்கிறது. மலை வளைவில் ஹேண்டிலைத் திருப்பும்போது வண்டி தானே பாய்ந்துவிடும். கேபிளைத் தளர்த்திய பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்துவிட்ட புது வண்டிகளில் ஸ்லோ ஸ்பீட்டைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். அங்கே திருகைத் தேடி எதையாவது திருக வேண்டாம்.

ஸ்பிரிங்கை மாற்றினால் என்ன?

கணவருக்கு ஒரு யோசனை இருந்தது. "அண்ணே, கடினமான ஸ்பிரிங் விக்குதாமே. அதைப் போட்டா கிளட்ச் இறுக்கமாப் பிடிக்கும்னு சொல்றாங்க" என்றார்.

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அது தவறு. இந்த வகைக் கிளட்சில் ஸ்பிரிங் கட்டையை வெளியே தள்ளுவதில்லை. உள்ளே இழுக்கிறது. ஸ்பிரிங் கடினமானால் கட்டை விரிய அதிக வேகம் தேவைப்படும். எஞ்சின் நன்றாகக் கத்திய பிறகுதான் வண்டி கிளம்பும். பந்தயத்தில் ஓடும் வண்டிக்கு அது உதவும். கிளம்பும்போதே எஞ்சினின் முழுப் பலம் கிடைக்கும். மூட்டையோடு மெதுவாக மேடு ஏறும் வண்டிக்கு அது கெடுதல். அதே வேகத்தில் பழைய ஸ்பிரிங்கை விடப் பிடி குறைவாகத்தான் இருக்கும். வழுக்கல் கூடும். சூடும் கூடும்.

"அப்ப மேட்டுக்கு என்னதான் வழி?"

"பல்சக்கரத்தை மாத்து தம்பி."

எஞ்சின் பக்கம் செயின் ஓடும் சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் இருக்கிறது. கடைக்காரர்கள் இதை ஸ்ப்ராக்கெட் என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்னதில் 14 பல், பெரியதில் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. சின்னச் சக்கரம் 3 சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

சின்னதை 12 பல்லாக மாற்றினால்? 42-ஐ 12-ஆல் வகுத்தால் மூன்றரை. இப்போது சின்னச் சக்கரம் மூன்றரைச் சுற்று சுற்றினால்தான் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இழுவை ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. வேகம் குறைகிறது. முன்பு மணிக்கு 35 கிலோமீட்டர் போன எஞ்சின் சுற்றில் இப்போது 30 கிலோமீட்டர்தான் போகும். கிணற்றடியில் பெரிய உருளை, சின்ன உருளை கதைதான். சும்மா கிடைப்பது ஒன்றும் இல்லை.

ஆனால் கிளட்சுக்கு இதில் பெரிய நன்மை. மேட்டில் வண்டி மெதுவாக ஊரும்போதும் எஞ்சின் வேகமாகச் சுற்றும். கட்டை நன்றாக விரிந்து முழுப் பிடி பிடிக்கும். வழுக்காது. பல்சக்கரம் மிகச் சிறியதானால் செயின் சீக்கிரம் தேயும். அதனால் ஒன்று இரண்டு பல்லுக்கு மேல் குறைக்க வேண்டாம் என்றார் மெக்கானிக். அவர்களுடைய வண்டிக்கு ஒரு பல் குறைத்துப் போட்டார்.

காலால் கியர் மாற்றும் வண்டி

கிளட்ச் பிடி இல்லாமல், காலால் கியர் மட்டும் மாற்றும் வண்டிகளும் உண்டு. ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 1958-ல் சூப்பர் கப் என்ற வண்டியை இப்படிச் செய்தது. 2017-க்குள் இந்த வகை வண்டிகள் 10 கோடிக்கு மேல் செய்யப்பட்டுவிட்டன. உலகில் வேறு எந்த மோட்டார் வண்டியும் இவ்வளவு எண்ணிக்கையில் வந்ததில்லை. இந்தியாவில் 1997-ல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட் இந்த வழியில் வந்த வண்டி. 2009-ல் வந்த டி.வி.எஸ். ஜைவ் வண்டியிலும் கிளட்ச் பிடி கிடையாது. இரண்டும் இப்போது புதிதாக விற்பனையில் இல்லை. பழைய வண்டிகள் அங்கங்கே ஓடுகின்றன.

சூப்பர் கப்பின் அண்ணன் தம்பி போல, காட்டுப் பாதைக்கென்றே சி.டி. 110 என்ற வண்டியும் வந்தது. ஆஸ்திரேலியாவில் தபால்காரர்களும் விவசாயிகளும் அதை ஓட்டினார்கள். மேட்டுக்காக அந்த வண்டியில் என்ன செய்தார்கள் தெரியுமா? விவசாயிகளுக்கான வண்டியில், இருக்கும் கியர்களோடு மலைக்கென்று இன்னொரு மெதுவான கியர் அமைப்பையும் சேர்த்தார்கள். மூணாறு மெக்கானிக் ஒரு பல் குறைத்துச் செய்ததும் அதே வேலைதான்.

கப் வகை வண்டியில் கிளட்சைச் சரிசெய்ய வெளியிலேயே ஒரு திருகு இருக்கும். அதன் மேல் ஒரு லாக் நட் இருக்கும். கியர் போடும்போது வண்டி குதித்தாலோ, கியர் விழ மறுத்தாலோ, கிளட்ச் வழுக்கினாலோ இதைப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு லாக் நட்டைத் தளர்த்துங்கள். திருகைக் கடிகார முள் சுற்றும் திசையில் ஒரு சுற்று திருப்புங்கள். பிறகு எதிர்த் திசையில் மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் கைக்குத் தடை தெரியும். அங்கே நிறுத்துங்கள். அங்கிருந்து மறுபடி கடிகார முள் திசையில் அரைக்கால் சுற்று மட்டும் திருப்புங்கள். திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. இங்கே அவசரப்பட்டு அரைச் சுற்று திருப்பினால் செய்த வேலை வீண். மற்ற வகை வண்டிகளுக்கு அளவு மாறும். கையேட்டைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

ஏறுவது பாதிதான்

வண்டி தயார் ஆனது. கிளம்பும் முன் மெக்கானிக் இருவரையும் உட்காரவைத்தார்.

"மேடு ஏறுறதை நான் சரிபண்ணிட்டேன். இறங்குறது உங்க கையில இருக்கு" என்றார்.

கியர் வண்டியை மேட்டில் நிறுத்தும்போது கியரில் போட்டு நிறுத்தலாம். எஞ்சினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். தானே பிடிக்கும் கிளட்ச் அப்படி அல்ல. எஞ்சின் நின்றால் கட்டைகள் உள்ளே போய்விடும். சக்கரத்தைப் பிடிக்க ஒன்றும் இருக்காது. அன்று வண்டி பின்னால் உருண்டது இதனால்தான். மேட்டில் நின்றால் முதலில் பிரேக். பிறகு சக்கரத்துக்குக் கீழே கல். ஒருவர் கூட வந்தால் அவர் கையில் கல் இருப்பது நல்லது. பின்னால் நேராக நிற்கக்கூடாது. பக்கவாட்டில் வர வேண்டும்.

இறங்கும்போதும் இதே கதை. ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கினால் முதலில் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்ததும் கட்டை உள்ளே போய்விடும். வண்டி திடீரென்று லேசாகி ஓடுவது போலத் தெரியும். பிரேக் கெட்டுவிட்டது என்று சிலர் பயந்துவிடுவார்கள். கெடவில்லை. எஞ்சினின் பிடி விட்டுப்போயிருக்கிறது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இது வரும் என்று தெரிந்திருந்தால் கை முன்கூட்டியே தயாராக இருக்கும்.

பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மிச்சம் ஆகும் பெட்ரோல் ஒரு டீ விலைக்குக்கூடக் காணாது. எஞ்சின் அணைந்தால் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல். நீண்ட இறக்கத்தில் டிரம் பிரேக் சூடாகும். சூடானால் பிடி குறையும். பிரேக் வழக்கத்தைவிட அதிகம் உள்ளே போனால், ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் பால் கணக்கு நோட்டில் பின்பக்கத்தைத் திருப்பினார். தேதி எழுதினார். வண்டி ஓடிய கிலோமீட்டர் எழுதினார். 'எண்ணெய் எம்.ஏ.' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

மறு வாரம் மூட்டை ஏற்றும் நாள். கணவர் இரண்டு மூட்டையைக் கட்டினார். மனைவி ஒன்றை அவிழ்த்து இறக்கினார்.

"வண்டிதான் சரியாயிடுச்சே" என்றார் கணவர்.

"ரெண்டு நடை போங்க. லாரி எட்டு மணிக்குத்தான வருது."

முதல் நடைக்கு மனைவியும் கையில் கல்லோடு பக்கவாட்டில் நடந்து வந்தார். செங்குத்தான இடத்தில் எஞ்சின் சீராக ஒலித்தது. வண்டி நிற்காமல் ஏறியது. மேலே சாலையில் அந்தக் கல்லை ஓரமாகப் போட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, எடுத்து வண்டியின் முன்னால் இருக்கும் பையில் வைத்தார்.

செய்து பாருங்கள்

1. ஒரு மொபெட்டில் சின்னப் பல்சக்கரத்தில் 13 பல். பெரியதில் 39 பல். சின்னதை 12 பல்லாக மாற்றினால், பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, சின்னது எத்தனை சுற்று சுற்ற வேண்டும்?

2. உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் உள்ள வண்டியின் கையேட்டை வாங்கிப் பாருங்கள். எண்ணெய்க்கு நேராக எந்த எழுத்து போட்டிருக்கிறது? அதை நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது டப்பாவில் உள்ள எழுத்தோடு ஒப்பிடுங்கள்.